பாய்மரத் தெருவில் நின்ற அலை

ஆடிக் காற்று மணலை வாரி வாரி வீடுகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், தூத்துக்குடி பாய்மரத் தெருவின் கடைசியில், ஐஸ் கம்பெனிக்கும் சிலுவை நிற்கிற குருசடிக்கும் நடுவே தெரு கடலைப் பார்த்துத் திறக்கிற இடத்தில், ஓர் அலை எழும்பி வந்து, மாடி வீட்டு உயரத்துக்கு நிமிர்ந்து, தலையை முன்னால் வளைத்து, விழ வேண்டிய சமயத்தில் விழாமல் அப்படியே நின்றுவிட்டது. பார்த்தவர்கள் ஓடினார்கள். அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடினார்கள், சலூனில் பாதி முகம் மழித்தவர் மீதி நுரையோடு ஓடினார், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் பையைப் போட்டு இடம்பிடித்துவிட்டு ஓடினார்கள். பெரிய ரோடு வரைக்கும் ஓடித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் தண்ணீர் வரவில்லை. சற்று நேரம் மூச்சு வாங்க நின்றார்கள். சோறு தீய்ந்துபோகுமே என்று உலை வைத்தவர்கள் முதலில் திரும்பினார்கள், அவர்களுக்குப் பின்னால் ரேஷன் வரிசைக்காரர்கள் திரும்பினார்கள், கடைசியாக நுரை முகத்துக்காரர் திரும்பிப் போய் மிச்சத்தை மழித்துக்கொண்டார்.

அலை நின்ற இடத்தில் நின்றது. உள்ளே சின்னச் சின்ன மீன்கள் போய்வந்துகொண்டிருந்தன. உச்சியில் நுரை வெள்ளையாய்த் தொங்கியது, உதிரவில்லை. நாய்கள் ஒரு பகல் முழுக்கக் குரைத்துவிட்டு மறுநாள் அதன் அடியில் காலைத் தூக்கின. அந்தத் தெருவில் ஒரு மரம் கிடையாது, வெயிலுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஆகவே அலையின் நிழல் தெருவில் விழுவதைக் கண்ட டீக்கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலமே தன் பெஞ்சை நிழலுக்குள் இழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, கடல் இப்படி நிற்கலாமா கூடாதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஐஸ் விலை ஏறியதைப் பற்றிப் பேசினார்கள்.

அமலோற்பவம் அலையைப் பார்க்கப் போகவில்லை. அவள் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். அலை வந்த செய்தி அங்கே எட்டியபோது சூப்பர்வைசர், "அலை நின்னா நிக்கட்டும். இறால் நிக்காது, நாறிப்போவும். கையை ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெடித்துப்போன கையோடு அவள் நாள்தோறும் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும், மகள் வெரோனிக்கா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கும். அதிசயம் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் அந்தத் தெருவில் கூட்டமாக நிற்கிற இடத்துக்கு அவள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

அதற்குக் காரணம் அவளுடைய புருஷன் தொபியாஸ். வெரோனிக்கா தொட்டிலில் கிடந்த காலத்தில், சந்தியாகு முதலாளியின் விசைப்படகில் கடல் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு திரும்பியது, மற்றவர்கள் திரும்பினார்கள். காற்றுக்குப் பயந்து தெற்கே ஒரு கரையில் ஒதுங்கினோம், அங்கே இறங்கிய தொபியாஸ் பஸ் ஏறிப் போய்விட்டான் என்று அவர்கள் சொன்னார்கள். எங்கே போனான் என்பதற்குத் தெருவே பதில் சொன்னது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் கொச்சியில் படகு வேலை பார்த்தவன், அங்கே அவனுக்கு ஒருத்தி இருந்தாள், அவளிடம்தான் போய்விட்டான். அந்தப் பெண்ணுக்கு முதலில் பேர் இல்லாமல் இருந்தது. ஒரு மாதத்தில் பேர் வந்தது, அப்புறம் ஊர் வந்தது, அப்புறம் அவளுக்கும் தொபியாசுக்கும் ஓர் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்ற செய்தியும் வந்தது.

அமலோற்பவம் அதை முதலில் நம்பவில்லை. ஆனால் அந்தப் படகில் போன அவளுடைய சொந்த அண்ணன் இஞ்ஞாசி அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ஆமாட்டி, போயிட்டான்" என்று சொன்னான். கூடப் பிறந்தவன் சொன்ன பிறகு அவள் நம்பினாள், நம்பிய பிறகு வெறுத்தாள். தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். அவன் சட்டைகளையெல்லாம் பழைய துணிக்காரனிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். மாமியார் மதலேனம்மா, "புருஷனை வச்சிக்கத் தெரியாதவ" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டு, வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். வெரோனிக்கா பேசக் கற்றுக்கொண்டு, அப்பா எங்கே என்று கேட்டபோது, "அப்பன்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்க" என்று அமலோற்பவம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை அப்படியே நினைத்துக்கொண்டது.

அலை வந்த அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மழை மேகம் விலகி வெயில் நேராக அலைக்குள் இறங்கியபோது, டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் உள்ளே ஓர் ஆளைக் கண்டார்கள். மனிதன் நிற்கிற உயரத்துக்கும் மேலே, மீன்களுக்கு நடுவில், தூங்குகிறவன்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கியபடி அவன் நின்றான். கோடு போட்ட சட்டை, மடித்துக் கட்டிய கைலி. வலது காலில் வலை சுற்றிக் கிடந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு மயிர் நரைக்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்த உடனே சொன்னார்கள், "நம்ம தொபியாஸ்லா."

ஆள் விட்டு அமலோற்பவத்தைக் கம்பெனியிலிருந்து கூட்டிவந்தார்கள். இறால் வாடையோடு, நீலப் பிளாஸ்டிக் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து அவள் அலையின் முன்னால் நின்றாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். சில பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இப்போது தன்னைவிட இளையவனாக இருக்கிறான் என்பது அவளுக்கு முதலில் தோன்றியது. போன நாளில் அவன் அவளைவிடப் பெரியவன். இத்தனை வருஷமும் கொச்சியில் யாரோ ஒருத்திக்குப் பக்கத்தில் கிடத்தி, கூட ஒரு பிள்ளையையும் கிடத்தி, அவள் நாள்தவறாமல் சபித்த ஆள், ஒரு நாள்கூட வயது ஏறாமல், காலில் வலையோடு கடலுக்குள்ளேயே நின்றிருக்கிறான்.

கொச்சிக் கதையை ஊரெல்லாம் சொன்ன வாய்கள் அவளைச் சுற்றி நின்றன. பெண்ணுக்குப் பேர் வைத்தவர் நின்றார், ஆண் பிள்ளை பிறந்த செய்தி கொண்டுவந்தவள் நின்றாள். அவர்களில் ஒருவர் எதையாவது சொல்வார் என்று அமலோற்பவம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "எப்படி மாறாம இருக்கான் பாரேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. "தண்ணிக்குள்ள இருந்தா தோல் சுருங்காதாம்" என்று இன்னொரு குரல் சொன்னது. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வெரோனிக்கா பையோடு நேராக அங்கே வந்தாள். அம்மாவின் பக்கத்தில் நின்று, அதுவரை படத்தில்கூடப் பார்த்திராத அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஓடிப் போவலல்லா?"

அமலோற்பவம் மகளின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீதான் ஓடிட்டாவன்னு நெனச்ச" என்றாள் பிள்ளை. குற்றமாகச் சொல்லவில்லை. பாடத்தில் ஒரு விடையைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள். அமலோற்பவத்துக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்றைக்கு அவள் இன்னொன்றையும் பார்த்துவிட்டாள். தொபியாசின் காலில் சுற்றியிருந்த வலையோடு சில மிதவைப் பந்துகளும் கிடந்தன. அவை ஊதா வர்ணம். துறைமுகத்தில் எத்தனையோ முதலாளிகள், எத்தனையோ படகுகள், ஆனால் தன் பொருளை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று மிதவைப் பந்துக்கு ஊதா வர்ணம் அடிக்கிறவர் சந்தியாகு முதலாளி ஒருவர்தான். அதைத் தெருவில் எல்லோரும் அறிவார்கள். அப்படியென்றால் தொபியாஸ் எந்தக் கரையிலும் இறங்கவில்லை, எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. காற்று எச்சரிக்கை கொடுத்திருந்த நாளில் முதலாளி படகை அனுப்பினார், வலையோடு சேர்ந்து இவன் கடலில் போனான், தேடாமல் திரும்பிவிட்டார்கள். கண்ணாடிக்குள் வைத்ததுபோல் எல்லாம் தெரிந்தது. தெருவே அண்ணாந்து பார்த்தது. ஊதாப் பந்துகளைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல், படகுத்துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த இஞ்ஞாசியிடம் போனாள். அலை வந்த நாளிலிருந்து அவன் தெருவின் அந்தக் கோடிப் பக்கம் போகவே இல்லை, வீட்டுக்குப் போக வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் தண்ணியில விழுந்தப்ப நீ பாத்தியா?"

"இப்ப எதுக்குட்டி அதெல்லாம்."

"கூப்பிட்டாரா?"

ஊசி வலையின் ஒரு கண்ணுக்குள் நுழைந்து இன்னொரு கண்ணில் வெளியே வந்தது. இன்னொரு கண்ணில் நுழைந்தது.

"எனக்கும் பிள்ளைங்க இருக்குட்டி" என்றான் கடைசியில். "இன்னைக்கும் முதலாளி படகுலதான் போறேன்."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் திரும்பினாள். கூப்பிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குள் ஊர் அலைக்குப் பழகிவிட்டது. முதலில் திருச்செந்தூருக்குப் போகிற பஸ்காரர்கள் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தினார்கள், பிறகு அலையைப் பார்ப்பதற்கென்றே வேன்கள் வந்தன. அதிசயத்தை அளக்க வந்த காலேஜ்காரர்கள் கருவிகளை வைத்து அளந்து, எண்களை எழுதிக்கொண்டு, மக்ரூன் வாங்கிக்கொண்டு போனார்கள். கரும்புச் சாறு, வறுத்த கடலை, சங்கு மாலை, சிப்பியில் செய்த மயில் என்று தெருவின் இரண்டு பக்கமும் கடைகள் முளைத்தன. மாடி வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியை வாடகைக்கு விட்டார்கள், மேலே நின்றால் தொபியாசின் முகம் நேருக்கு நேராகத் தெரியும். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் வந்து அவனைப் பார்த்து முழங்கால் போட்டார்கள். குழந்தை இல்லாதவர்கள் வந்தார்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள் வந்தார்கள், புதிதாய்க் கல்யாணமானவர்கள் மாலையோடு வந்து அவனுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு டீக்குக்கூடக் கடன் சொல்லத் தயங்கிய மனிதனிடம் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள்.

போலீசும் வந்தது. தரைப் போலீஸ் வந்து, ஆள் தண்ணீருக்குள் இருப்பதால் இது கடல் போலீசின் பொறுப்பு என்றது. கடல் போலீஸ் வந்து, தண்ணீர் தெருவுக்குள் நிற்பதால் இது தரைப் போலீசின் பொறுப்பு என்றது. செத்துப்போனார் என்று எழுதிக் கொடுங்கள் என்று அமலோற்பவம் கேட்டபோது, உடம்பு கைக்குக் கிடைக்காமல் அப்படி எழுத முடியாது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். உடம்பு அவர்கள் மூவருக்கும் எதிரே, தொப்பியை எறிந்தால் படுகிற தூரத்தில் நின்றது.

சந்தியாகு முதலாளி தெருக் கமிட்டியின் தலைவர். அலையைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னவர் அவர்தான். கயிற்றைத் தாண்டி யாரும் போகக் கூடாது, விரலால்கூடத் தொடக் கூடாது, தொட்டால் அலை விழும், விழுந்தால் தெரு மிஞ்சாது என்று மைக் வைத்துச் சொன்னார். தொட்டுப் பார்த்தவர் எவருமில்லை, ஆனாலும் தெரு அதை நம்பியது. நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கமிட்டிக் கூட்டத்துக்கு அமலோற்பவம் போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பேசி முடிக்கும்வரை கதவோரம் நின்றிருந்துவிட்டு, "அவரை வெளிய எடுத்து அடக்கம் பண்ணணும்" என்றாள்.

சந்தியாகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ஏம்மா, உன் கஷ்டம் புரியாமலா இருக்கு" என்றார் சந்தியாகு. அவர் குரல் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். "ஒரு ஆளுக்காக இத்தனை குடும்பத்தைக் கடலுக்குக் குடுக்க முடியுமா, நீயே சொல்லு. அவன் எங்க போறான், இங்கதான் நிக்கான். ஊரே வந்து கும்பிடுது. எந்தப் பொண்டாட்டிக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை?"

"அந்தப் பந்தெல்லாம் ஊதா நிறமால்லா இருக்கு, முதலாளி" என்றாள் அமலோற்பவம்.

யாரோ செருமினார்கள். டீக்கடைக்காரர் தன் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குள்ள எல்லா நிறமும் ஊதாவாத்தான் தெரியும்" என்றார் சந்தியாகு. "நீ ஒண்ணு செய். இறால் உரிச்சுக் கையைக் கெடுத்துக்காத. கயித்துக்குப் பக்கத்துல உனக்கு ஒரு கடை போட்டுத் தாரேன். மெழுகுதிரி வித்துக்க. அவன் பொண்டாட்டி விக்கான்னா நல்லா ஓடும்."

கூட்டத்தில் இருந்தவர்கள், நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். பலருக்கு அது உண்மையிலேயே நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மதலேனம்மா மட்டும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காலையிலிருந்து இருட்டும்வரை மகனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேசுவதில்லை. பார்க்க வந்தவர்கள் அவளையும் சேர்த்துப் படம் பிடித்தார்கள். மருமகள் அந்தப் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, தெரு கொள்ளாத கூட்டம் நின்ற நடுமத்தியானத்தில், அமலோற்பவம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மகளைப் பங்குச் சாமியாரின் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்தபோதுதான் மதலேனம்மா வாயைத் திறந்தாள்.

"நீ தொட்டா விழும்ட்டி அது."

"விழட்டும் அத்தை."

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"இரு, நானும் வாரேன். தலை கனக்கும் அவனுக்கு. பெறும்போதே கனம்."

இரண்டு பெண்களும் கயிற்றைத் தாண்டியதைக் கண்ட கூட்டம் கூச்சல் போட்டு ஓடியது. கரும்புச் சாறு மெஷினை ஓடவிட்டு ஓடினார்கள், சிப்பி மயில்களை மிதித்துக்கொண்டு ஓடினார்கள், மொட்டைமாடிக்காரர்கள் கீழே இறங்கி ஓடினார்கள். அந்த ஓட்டத்தை அமலோற்பவம் திரும்பிப் பார்க்கவில்லை. கையை அலைக்குள் விட்டாள். குளிர்ந்தது. தோளை விட்டாள், தலையை விட்டாள். உள்ளே சத்தமே இல்லை. மீன்கள் அவள் முகத்தைத் தொட்டு விலகின. தண்ணீர் அவளைத் தூக்கி அவன் உயரத்துக்குக் கொண்டுபோனது. அவன் முகத்துக்கு முன்னால் அவள் முகம் வந்தது. என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வந்தவளுக்குத் தண்ணீருக்குள் வாய் திறக்க முடியவில்லை. வெடித்த விரல்களால் அவன் கன்னத்தைத் தொட்டாள். உப்பு காந்தியது. தலைக்குமேல் தூக்கியிருந்த அவன் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். அத்தனை வருஷம் தூக்கியே இருந்த கை, எதிர்ப்புக் காட்டாமல் இறங்கி அவள் தோளில் விழுந்தது.

கால் வரவில்லை. வலை இறுகியிருந்தது. அவள் மூச்சுக்காக வெளியே வந்து, சொட்டச் சொட்ட நின்று தெருவைப் பார்த்தாள். தெரு காலியாகக் கிடந்தது. தொலைவில், பெரிய ரோட்டு முனையில் மட்டும் ஆம்பிளைகள் கும்பலாக நின்றார்கள். சந்தியாகு நின்றார், அவருக்குப் பக்கத்தில் இஞ்ஞாசி நின்றான். அவன் இடுப்பில் எப்போதும்போல வலைக் கத்தி இருந்தது.

"அண்ணே, கத்தி" என்று அவள் கூப்பிட்டாள்.

இஞ்ஞாசி அசையவில்லை. முதலாளி அவன் பக்கம் திரும்பவும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. வெயிலில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். பிறகு இஞ்ஞாசியின் கை இடுப்புக்குப் போயிற்று, கத்தி நழுவியதுபோலத் தரையில் விழுந்தது. அவன் குனிந்து அதை எடுக்கவில்லை. திரும்பிச் சந்துக்குள் நடந்துவிட்டான். அமலோற்பவம் ஈரக் காலோடு தெரு முழுக்க நடந்துபோய், ஒருவர் முகத்தையும் பார்க்காமல், கத்தியை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்க நடந்து திரும்பினாள்.

வலையை அறுத்து அவள் காலைப் பிடிக்க, மதலேனம்மா தலையைப் பிடிக்க, இருவரும் தொபியாசைக் கரைக்குக் கொண்டுவந்து, டீக்கடை பெஞ்சில் கிடத்தினார்கள். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்து மண்ணில் ஓடியது. மதலேனம்மா முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள், பிறகு எதுவும் சொல்லாமல் அதே முந்தானையால் மருமகளின் தலையையும் துவட்டினாள்.

அலை விழவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவள் அவனை இழுத்த இடம் மூடிக்கொண்டது, மீன்கள் அந்த இடத்திலும் போய்வரத் தொடங்கின. பெரிய ரோட்டு முனையில் நின்றவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். உயிர் பிழைத்தவர்களின் முகம் அவர்களுக்கு இல்லை. உடைந்த மயில்களைப் பொறுக்கிக்கொண்டே, "இனி உள்ள என்ன இருக்குன்னு ஆள் வருவான்" என்று ஒருவர் சொன்னார்.

அன்று சாயங்காலமே அடக்கம் நடந்தது. சாமியார் வந்தார், கம்பெனியில் அவளோடு இறால் உரிக்கிற பெண்கள் வந்தார்கள். தெருவில் பெரும்பாலான வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. இஞ்ஞாசி கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வரவில்லை. அப்பாவின் குழிக்குள் ஒரு பிடி மண்ணைப் போட்டபோது வெரோனிக்கா, "இப்ப என்ன நெனச்சுக்கட்டும்?" என்று அம்மாவின் காதில் கேட்டாள். "நல்லவருன்னு நெனச்சுக்க. உன்ன விட்டுட்டுப் போவலன்னு நெனச்சுக்க" என்றாள் அமலோற்பவம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அறுத்த வலையையும் ஊதாப் பந்துகளையும் அவள் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே சந்தியாகுவின் எல்லாப் படகுகளிலும் மிதவைகள் சிவப்பாகிவிட்டன. ஊதா வர்ணம் கடையில் யாருக்கும் கிடைக்கும், அது யார் வலையாகவும் இருக்கலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அடுத்த முறை அவள் போனபோது, எந்த வலை என்று கேட்டார்கள்.

வேன்கள் குறைந்தன. வெறும் அலையைப் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை. தெருவில் அவளைக் கண்டால் கடைக்காரர்கள் காறித் துப்பினார்கள், பைப்படியில் அவள் குடத்துக்கு முறை வரவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் கமிட்டி கூடி, வெளியூரிலிருந்து ஒரு பைபர் உருவத்தைச் செய்து வரவழைத்தது. தொபியாசைவிட அது சிவப்பாக இருந்தது, மீசை நேர்த்தியாக இருந்தது, வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. சந்தியாகு முதலாளியே கயிற்றைத் தாண்டி, கையை அலைக்குள் விட்டு, அதை உள்ளே நிறுத்தினார். இந்த முறை யாரும் ஓடவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள்.

வேன்கள் திரும்ப வந்தன. பொங்கல் வருவதற்குள் தெரு ஒரு கதையைத் தேடி எடுத்துக்கொண்டது. அலைக்குள் நிற்பதுதான் ஊர் கும்பிட்ட உண்மையான ஆள், அமலோற்பவம் அன்றைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தது எங்கிருந்தோ ஒதுங்கிய அநாதைப் பிணம். அப்படியானால் தொபியாஸ்? தொபியாஸ் கொச்சியில் இருக்கிறான். போன மாதம்கூட மார்க்கெட்டில் பார்த்தவர்கள் உண்டு. உடம்பு பெருத்திருக்கிறான், பையன் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்.

மதலேனம்மா இப்போது அமலோற்பவத்தின் வீட்டில்தான் இருந்தாள். அந்தக் கதை காதில் விழுந்த நாளில் அவள் சாப்பிடவில்லை. மருமகள் சோற்றைப் பிசைந்து எதிரில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கம்பெனிக்கு வேறு வழியும் இருந்தது, அன்றைக்கு அவள் அலை நிற்கிற வழியாகவே போனாள். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு அவள் நடந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவளை நிறுத்தி, தங்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அவர்கள் அலைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். குழந்தையின் முகம் மறைகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லி, நிதானமாக எடுத்துக் கொடுத்தாள்.

படத்தைப் பார்த்துத் திருப்தியான அந்த வீட்டு அம்மா, உள்ளே நின்ற உருவத்தை அண்ணாந்து பார்த்து, "பாவம். இவருக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா, உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

அமலோற்பவம் அந்த வெள்ளைச் சட்டையையும் நேர்த்தியான மீசையையும் ஒரு தரம் பார்த்தாள்.

"இவனுக்கு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.